ஒரு தோட்டாவும் இரண்டு நாற்காலிகளும்



நினைவுக் கூட்டங்களில் நாம் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "அவர் மட்டும் இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால்..." அண்ணல் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6-க்குப் பிறகும் இருந்திருந்தால் குடியரசுக் கட்சி என்னவாகியிருக்கும் என்று பேசாத தலித் மேடை கிடையாது. அந்தக் கட்சி அவர் மறைந்து பத்து மாதம் கழித்து, 1957 அக்டோபரில்தான் முறையாகத் தொடங்கப்பட்டது. அதன் பிறகு எத்தனை முறை உடைந்தது என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தில் உள்ள துயரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 'இருந்திருந்தால்' என்பது துயரம் மட்டும் இல்லை, அது வரலாற்றைப் பார்க்கும் ஒரு முறையும்கூட. எந்த இடத்தில் வரலாறு வேறு பாதையில் திரும்பியிருக்கும் என்று ஒருவர் நினைக்கிறாரோ, அந்த இடத்தில்தான் வரலாற்றை நகர்த்தும் சக்தி இருப்பதாக அவர் நம்புகிறார் என்று பொருள். ஒரு தலைவரின் உயிரில் வைத்தால் ஒரு வகை அரசியல் வரும். ஒரு கூட்டத்துக்குள் நுழையும் வாசலில் வைத்தால் வேறு வகை அரசியல் வரும்.

இதைப் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்டது 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கா. நடக்காத வரலாறுகளில் மிக அதிகமாக எழுதப்பட்ட ஒன்று அங்கே இருக்கிறது: ராபர்ட் கென்னடி சுடப்படாமல் இருந்திருந்தால்?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்குள்ளேயே வாக்காளர்கள் தீர்மானிக்கும் தேர்தலுக்குப் பிரைமரி என்று பெயர். முதல்கட்டத் தேர்தல் என்று சொல்லிக்கொள்ளலாம். பதவியில் இருக்கும் அதிபரை அவருடைய கட்சிக்காரரே எதிர்த்து நிற்பது அபூர்வம். 1968-இல் அது நடந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன், ஜனநாயகக் கட்சிக்காரர். வியட்நாம் போர் அவரை விழுங்கிக்கொண்டிருந்தது. மினசோட்டா செனட்டர் யூஜின் மெக்கார்த்தி போரை எதிர்த்துக் களத்தில் இறங்கினார். மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் ஜான்சன் 49 சதவீதம், மெக்கார்த்தி 42 சதவீதம். கணக்குப்படி ஜான்சன் ஜெயித்தார், அரசியலில் தோற்றார். நான்கு நாள் கழித்து, முன்பு போட்டியிட மறுத்திருந்த ராபர்ட் கென்னடியும் இறங்கினார். மார்ச் 31 இரவு, மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார்.

அடுத்த நான்காவது நாள் மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அவர் அங்கே போனது எதற்காக என்பதை நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். தூய்மைப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்துக்காகப் போனார். பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பக்கத்தில் ஏறி நின்ற எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள், குப்பையை அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1300 பேர் வேலையை நிறுத்தினார்கள். 'நான் மனிதன்' என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களின் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நமக்கு இதில் விளக்க எதுவுமில்லை.

கென்னடி இண்டியானாவில் ஜெயித்தார், நெப்ராஸ்காவில் ஜெயித்தார், ஓரிகனில் தோற்றார், ஜூன் 4 அன்று கலிஃபோர்னியாவில் ஜெயித்தார். அந்த வெற்றியைப் பேசிவிட்டு, நள்ளிரவு தாண்டி லாஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டலின் சமையலறை வழியாக வெளியே போகும்போது சுடப்பட்டார். ஜூன் 6 அன்று இறந்தார். ஆகஸ்டில் சிகாகோ மாநாடு துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது. நவம்பரில் ரிச்சர்ட் நிக்சன் சுமார் ஐந்து லட்சம் வாக்கு வித்தியாசத்தில் அதிபரானார். வியட்நாம் போர் இன்னும் பல ஆண்டுகள் இழுத்தது.

இங்கேதான் 'இருந்திருந்தால்' எழுத்தாளர்கள் நுழைகிறார்கள். சமையலறை வழியாகப் போகாமல் வேறு வாசல் வழியாகப் போயிருந்தால், கென்னடி அதிபராகியிருப்பார், போர் 1969-இல் முடிந்திருக்கும், கறுப்பின மக்களும் வெள்ளைத் தொழிலாளர்களும் ஒரே கூட்டணியில் நின்றிருப்பார்கள். ஆசையைத் தூண்டும் கதைதான். பிரைமரிகளில் கறுப்பின வாக்காளர்கள் பெருவாரியாக அவர் பக்கம் நின்றார்கள். திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் சீசர் சாவேஸ் 25 நாள் உண்ணாவிரதத்தை முடித்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர். 1967 ஏப்ரலில் மிசிசிப்பி டெல்டாவின் குடிசைகளுக்குள் போய்ப் பட்டினிக் குழந்தைகளைப் பார்த்தவர். இதெல்லாம் உண்மை. 1963-இல் நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்தபோது கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி கொடுத்தவரும் அவர்தான். கலிஃபோர்னியா வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், பத்தாயிரம் கறுப்பின மக்களை ஆரஞ்சு கவுண்டிக்குக் குடியேற்றப் பார்க்கிறார் மெக்கார்த்தி என்று பேசினார். ஆரஞ்சு கவுண்டி வெள்ளையர்கள் வசிக்கும் வசதியான பகுதி. அந்தப் பேச்சு யாருடைய பயத்தைக் குறிவைத்தது என்று யோசியுங்கள். ஊருக்குள் சேரிக்காரர் வீடு வாங்கினால் எழும் அதே பயம்.

ஆனால் என் வாதம் கென்னடியின் குணம் பற்றியது இல்லை. எண்ணிக்கையைப் பார்ப்போம். வேட்பாளராக 1312 மாநாட்டுப் பிரதிநிதிகளின் ஆதரவு வேண்டும். கென்னடி இறந்த வேளையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு: ஹம்ஃப்ரி 561, கென்னடி 393, மெக்கார்த்தி 258. ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் நிற்கவில்லை! ஏப்ரல் கடைசியில்தான் தன்னை வேட்பாளராக அறிவித்தார். அப்படியானால் 561 எங்கிருந்து வந்தது? அப்போது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாநிலங்களில்தான் பிரைமரி நடந்தது. மீதிப் பிரதிநிதிகளைத் தீர்மானித்தவர்கள் ஆளுநர்கள், மாநகரத் தலைவர்கள், தொழிற்சங்கப் பெருந்தலைகள். மூடிய அறையில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள்.

ஆகவே கென்னடி பிழைத்திருந்தாலும் சிகாகோவில் அந்த அறைக்காரர்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்திருக்கும். முதலாமவர் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி. டேலி மனம் மாறி கென்னடியைத் தூக்கிவிட்டிருப்பார் என்பதுதான் இந்தக் கற்பனை வரலாற்றின் அச்சாணி. கிங் கொல்லப்பட்ட ஆத்திரத்தில் சிகாகோவின் கறுப்பினக் குடியிருப்புகள் எரிந்தபோது, தீ வைப்பவர்களைக் கொல்வதற்காகவே சுட வேண்டும் என்று தன் காவல் துறைக்கு உத்தரவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னவர் அதே டேலி. அவர் கையால் முடிசூட்டப்படும் கென்னடி அதற்கு விலையாக எதைக் கொடுத்திருப்பார்? கற்பனை வரலாறு எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். குண்டு பாயாத சமையலறையை அவர்களால் கற்பனை செய்ய முடிகிறது. டேலி இல்லாத மாநாட்டைக் கற்பனை செய்ய முடியவில்லை.

வரலாறு திரும்பியிருக்கக்கூடிய இடம் 1968 ஜூன் இல்லை என்பது என் எண்ணம். நான்கு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1964-இலும் ஜான்சனுக்குப் பிரைமரியில் எதிர்ப்பு வந்தது, பலர் மறந்துவிட்டார்கள். வந்தது வலதுபக்கத்திலிருந்து. இனப்பாகுபாட்டை வெளிப்படையாகத் தூக்கிப் பிடித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், விஸ்கான்சின், இண்டியானா, மேரிலாந்து மூன்றிலும் நின்றார். ஜான்சன் நேரடியாக நிற்காமல் தனக்காக உள்ளூர்த் தலைவர்களை நிறுத்தினார். வாலஸ் எங்கும் ஜெயிக்கவில்லை. ஆனால் விஸ்கான்சினில் மூன்றில் ஒரு பங்கு, மேரிலாந்தில் 43 சதவீத அளவுக்கு வாக்கு வாங்கினார். வெள்ளை மாளிகை மிரண்டது.

அதே ஆண்டு அதே கட்சிக்குள் இன்னொரு சவாலும் கிளம்பியது. மிசிசிப்பியில் அப்போது வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பின மக்கள், வாக்களிக்கும் வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. பதியப் போனவர்களுக்கு வேலை போனது, வீடு போனது, சிலருக்கு உயிரும் போனது. சன்ஃப்ளவர் கவுண்டியில் பருத்தித் தோட்டத்தில் வாரத்துக்குப் பயிரிட்டுப் பிழைத்த ஃபேனி லூ ஹேமர், 1962-இல் பெயர் பதியப் போன அன்றே தோட்டக்காரரால் வெளியேற்றப்பட்டார். 1963-இல் வினோனா சிறையில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கறுப்பினக் கைதிகளைக் கொண்டே அடிக்கவைத்தார்கள் போலீஸார். நம்மாளை வைத்தே நம்மை அடிப்பது உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. அந்த ஹேமர் 1964 ஜூனில் ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் பிரைமரியில் வேட்பாளராக நின்றார். கட்சியின் கிளைக் கூட்டங்களுக்குள் கறுப்பின மக்களை விடவில்லை. ஆகவே அவர்களே தனியாகக் கிளைக் கூட்டம், மாவட்டக் கூட்டம், மாநில மாநாடு நடத்தினார்கள். மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று பெயர் வைத்து 68 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகஸ்டில் பேருந்து ஏறி அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்குப் போனார்கள். எங்களை விலக்கிவிட்டு வெள்ளையர்கள் மட்டும் கூடித் தேர்ந்தெடுத்த குழு செல்லாது, மிசிசிப்பியின் நாற்காலிகள் எங்களுடையவை என்று உரிமை கோரினார்கள்.

ஜான்சனை எதிர்த்து அவர்கள் வேட்பாளர் நிறுத்தவில்லை. அவருக்கு விசுவாசமாக இருப்போம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கேட்டது ஒரு வேட்பாளரை மாற்றுவதைவிடப் பெரிய விஷயம்: கட்சி யாருடையது?

ஆகஸ்ட் 22 அன்று தகுதி ஆய்வுக் குழு முன் ஹேமர் சாட்சியம் சொன்னார். நேரலையில் அவரை மறைக்க ஜான்சன் அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பை நடத்தினார். கேமராக்கள் அங்கே திரும்பின. அன்று மாலையே தொலைக்காட்சிகள் ஹேமரின் சாட்சியத்தை ஒளிபரப்பிவிட்டன. மறைக்க முயன்றதால் இன்னும் அதிகம் பேர் பார்த்தார்கள். ஆகஸ்ட் 25 அன்று, போட்டியிலிருந்து விலகுவதாக ஓர் அறிக்கையையே ஜான்சன் எழுதி வைத்துக்கொண்டு உதவியாளர்களிடம் பேசினார். 1968 மார்ச்சில் செய்ததை 1964 ஆகஸ்டிலேயே செய்ய யோசித்திருக்கிறார். அப்போது அவர் எதிரில் எந்தக் கென்னடியும் மெக்கார்த்தியும் இல்லை. பருத்திக் காட்டிலிருந்து வந்த 68 பேர்தான் இருந்தார்கள்.

அவர் விலகவில்லை. பேரத்தை ஹம்ஃப்ரியிடம் ஒப்படைத்தார். துணை அதிபர் பதவி அந்த வேலைக்குக் கூலி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தை மாநாட்டு அரங்கின் வாக்கெடுப்புக்குக் கொண்டுவர அந்தக் குழுவில் 11 பேர் ஆதரவு போதும். அந்த எண்ணிக்கை கரையும் வரை ஒவ்வொருவரையும் நெருக்கினார்கள். கடைசியில் வந்த சமரசம்: 68 பேருக்கு இரண்டு நாற்காலி. அதுவும் மிசிசிப்பியின் பிரதிநிதிகளாக இல்லை, பொதுவான உறுப்பினர்களாக. யார் அந்த இரண்டு பேர் என்பதையும் மேலிடமே முடிவுசெய்தது: ஆரன் ஹென்றி, எட் கிங். ஹேமரின் பெயர் இல்லை. பேயார்ட் ரஸ்டின் ஏற்றுக்கொள்ளச் சொன்னார். மார்ட்டின் லூதர் கிங்கும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தார். 68 பேரும் கூடிப் பேசி, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது கேட்போம்: அந்த 68 பேருக்கும் நாற்காலி கொடுத்திருந்தால்? ஜான்சனின் வாதம், தென்மாநிலங்கள் கையைவிட்டுப் போய்விடும் என்பது. கணக்கைப் பாருங்கள். சமரசத்தையே பொறுக்காமல் மிசிசிப்பி வெள்ளைப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். நவம்பரில் மிசிசிப்பி 87 சதவீத வாக்கைக் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டருக்குக் கொடுத்தது. லூசியானா, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினாவும் போயின. அவ்வளவும் போய்க்கூட ஜான்சன் 44 மாநிலங்களில் ஜெயித்தார், 61 சதவீத வாக்குடன். ஆக, 66 நாற்காலிகளை மறுத்து அவர் வாங்கியது எதுவுமில்லை. கொடுத்திருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியதும் பெரிதாக இல்லை. இந்தக் கற்பனைக்கு ஒரு குண்டு விலகிப் போக வேண்டிய அவசியமில்லை. ஒரு குழுவில் 11 பேர் உறுதியாக நின்றிருந்தாலே, பிரச்சினை எல்லோர் முன்னிலையிலும் வந்திருக்கும்.

அந்த வாசல் திறந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அளவோடு ஊகிக்கலாம். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர் பதிவு இரண்டே ஆண்டில் அறுபது சதவீதத்தை நெருங்கியது. கட்சியின் அமைப்பு அவர்கள் கையில் இருந்திருந்தால் அந்த வாக்காளர்கள் நேராக அதற்குள் வந்திருப்பார்கள். அலபாமாவும் ஜார்ஜியாவும் அதைப் பார்த்து இணை மாநாடுகளை நடத்தியிருக்கும். நடந்தது என்ன? அட்லாண்டிக் சிட்டியிலிருந்து திரும்பிய இளைஞர்களில் பலர் அந்தக் கட்சியையே கைகழுவினார்கள். இரண்டு ஆண்டில் கறுப்பு அதிகாரம் என்ற முழக்கம் எழுந்தது. அது எழ வேண்டிய முழக்கம்தான். ஆனால் 1968-இல் ஜான்சனை எதிர்த்துப் பிரைமரிக் களத்தில் நின்ற படையில் டெல்டாவின் வாரக்குடிகள் இல்லை. மெக்கார்த்திக்காக முடிவெட்டிக்கொண்டு வீடு வீடாகப் போன வெள்ளைக் கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் நல்லவர்கள், போர் வேண்டாம் என்றார்கள். ஆனால் பட்டினியும் போரும் ஒரே பட்ஜெட்டின் இரண்டு பக்கங்கள் என்று கிங் 1967-இலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததை உடம்பால் அறிந்தவர்கள் அந்தக் களத்துக்கு வெளியே நின்றார்கள். கிங்கையே அதிபர் வேட்பாளராக நிற்கச் சொல்லி 1967-இல் ஒரு குரல் எழுந்தது. அவர் மறுத்துவிட்டார்.

சமரசத்தால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல மாட்டேன். இனப்பாகுபாட்டோடு தேர்ந்தெடுத்த குழுக்களை 1968 முதல் ஏற்பதில்லை என்ற வாக்குறுதி அதில் இருந்தது. அதன்படி சிகாகோவில் புதிய மிசிசிப்பிக் குழு உள்ளே வந்தது. ஹேமர் உட்கார வந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதே அரங்கம்தான் அதே வாரத்தில், இரண்டு நாற்காலி பேரம் பேசிய ஹம்ஃப்ரிக்குச் சுமார் 1760 வாக்கு அளித்து வேட்பாளராக்கியது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று சில மாணவர்கள் கேட்கலாம். பிரைமரி என்ற சொல் நம்முடைய வரலாற்றிலும் இருக்கிறது. 1932 செப்டம்பர் 24, பூனா ஒப்பந்தம். இரட்டை வாக்குரிமையும் தனி வாக்காளர் தொகுதியும் போனதைப் பேசுகிறோம், சரி. அவற்றுக்குப் பதிலாக வந்தது எது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 148 தனித்தொகுதிகள், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு முதல்கட்டத் தேர்தல்: தாழ்த்தப்பட்ட மக்கள் மட்டும் ஆளுக்கு ஒரு வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு ஊரும் சேரியும் சேர்ந்த பொது வாக்காளர்கள் அந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த ஏற்பாடு பத்து ஆண்டுகளுக்கு மட்டும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏற்பாட்டை இதன் பக்கத்தில் வையுங்கள். டெக்சாஸ் 1923-இல் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் கறுப்பின மக்கள் வாக்களிக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. அங்கே அந்த ஒரு கட்சிதான் ஜெயிக்கும். ஆகவே பிரைமரிதான் உண்மையான தேர்தல். நவம்பரில் வாக்களிக்கலாம், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஹூஸ்டன் பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்த வழக்கில் தர்குட் மார்ஷல் வாதாடி, 1944-இல்தான் உச்ச நீதிமன்றம் வெள்ளையர் பிரைமரியை ஒழித்தது. அங்கே முதல் வாசல் அடைக்கப்பட்டது, இரண்டாம் வாசல் பெயருக்குத் திறந்திருந்தது. இங்கே முதல் வாசல் நமக்கு, இரண்டாம் வாசலின் சாவி அவர்கள் கையில். சேரி முதலிடத்தில் நிறுத்தியவரை ஒதுக்கிவிட்டு, நான்காவதாக வந்தவரை ஊர் தேர்ந்தெடுக்கலாம். நான்கு பேருக்கு மேல் நிற்காவிட்டால் முதல்கட்டமே நடக்காது. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்ற 1945 நூலில் அம்பேத்கர் தொகுதி வாரியாக எண்களை அடுக்கி வாதாடுவது இந்த இயந்திரத்தைப் பற்றித்தான். 1945-46 தேர்தலில் முதல்கட்டத்தில் முன்னணியில் வந்த பட்டியல் சாதிகள் கூட்டமைப்பினர் இறுதிக்கட்டத்தில் தோற்கடிக்கப்பட்டார்கள். அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் இதையும் அவர் எடுத்து வைத்தார். அதே 1946-இல்தான் அவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுக்கப்படும் மனுவின் பிரதி கேட்டார். அந்தத் தொடர்பு வெறும் அனுதாபத்தால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. வாக்குச்சீட்டை வைத்தே வாக்குரிமையைப் பறிக்கும் கலையை இருவரும் ஒரே காலத்தில் எதிர்கொண்டார்கள்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். சென்னை மாகாணத்தின் அந்த 30 தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1937, 1946 இரண்டு தேர்தலுக்கும் அரசிதழ்களிலும் தேர்தல் அறிக்கைகளிலும் தேடுங்கள். எந்தெந்தத் தொகுதியில் முதல்கட்டம் நடந்தது, அதில் சேரி முதலிடம் கொடுத்தது யாருக்கு, கடைசியில் சட்டமன்றத்துக்குப் போனது யார், இருவருக்கும் இடையே எத்தனை வாக்கு வித்தியாசம். முதலில் வந்து கடைசியில் தோற்றவர்களின் பெயர்களை ஒரு பட்டியலாக்குங்கள். அவர்கள் எந்த ஊர், என்ன வேலை செய்தார்கள், எந்தச் சங்கத்தில் இருந்தார்கள் என்று கிராமங்களுக்குப் போய் விசாரியுங்கள். பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பட்டியல் கையில் வந்தபின் 1946-இன் சென்னைச் சட்டமன்றத்தை மறுபடி ஒருமுறை நாற்காலி நாற்காலியாக நிரப்பிப் பார்க்கலாம்.